திரைக்கு முதுகு காட்டி

"மாலாக்கா, இந்தப் படம் ஏழு வயசுக்கு ஓகேவா, இல்லையா? ஒரு வார்த்த போதும்."

கேள்வி கைத்தொலைபேசியில் வந்தது. கீழே படத்தின் சின்ன சுவரொட்டி. மஞ்சள் படகு, படகில் ஒரு சிறுமி, அவளுக்குப் பின்னால் கடல்.

அனுப்பியவள் ஷர்மிளா. நான் வேலை பார்த்த சிறுவர் நூலகத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். நூலகம் ஒரு செயலி தயாரிக்கிறதாம். பெற்றோர் பிள்ளையின் வயதைத் தட்டினால் படிக்க ஒரு புத்தகமும் குடும்பத்தோடு பார்க்க ஒரு படமும் வந்து நிற்குமாம். அதற்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆம் அல்லது இல்லை வேண்டும்.

'ஆம்' என்று தட்டினேன், அழித்தேன். 'இல்லை' என்று தட்டினேன், அதையும் அழித்தேன். செந்தூலில் என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று போனது, எதிர்ப்பக்கமாக இன்னொன்று போனது.

"அக்கா? டைப் பண்றீங்க, நிறுத்துறீங்க, திரும்ப டைப் பண்றீங்க. பயமா இருக்கு லா" என்று அடுத்த செய்தி வந்தது.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த மஞ்சள் படகை நான் திரையில் பார்த்ததைவிடப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்ததே அதிகம். ஒரு சனிக்கிழமை அதை ஒரே ஒரு முகத்தில் பார்த்தேன். ஷர்மிளா, நீ கேட்ட ஒரு வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்.

ஐம்பத்தைந்தில் ஓய்வு வாங்கிக்கொண்டேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், பிள்ளைகளுக்குப் புத்தகமும் படமும் பரிந்துரைப்பது என்பேன். கல்யாண வீடுகளில் மாமாக்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். "கதப் புத்தகம் படிக்கச் சம்பளமா? எங்களுக்கும் ஒரு இடம் பாத்துக் குடும்மா!" நானும் சிரிப்பேன். எத்தனை புத்தகத்தைப் பயந்துகொண்டே பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறேன் என்பதைக் கல்யாணப் பந்தியில் சொல்ல முடியாது.

நூலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே பூக்கடை. மல்லிகை வாசமும் பேருந்துப் புகையும் ஒன்றாகப் படியேறி வரும். ஓர் அறவாரியம் நடத்திய நூலகம் அது. ஒரு வேன் இருந்தது. அதில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கம்போங் மேடான், ஸ்ரீ கெம்பாங்கான், கிள்ளான் என்று அடுக்குமாடி வீடுகளின் கீழே போய் நிற்போம். மாதம் ஒருமுறை கிள்ளானில் ஒரு சங்க மண்டபத்தில் குடும்பப் படம் போடுவோம். என் முதல் ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசி தட்டினேன், முத்திரை குத்தினேன், கிழிந்த புத்தக முதுகுகளுக்கு ஒட்டுத்தாள் போட்டேன், வளைவுகளில் வேனுக்குள் வாந்தி எடுத்தேன். பிறகு நூலகப் பொறுப்பாளர் ஜமீலா மேடம் என்னைக் கூப்பிட்டு, "மாலா, நாளையிலிருந்து நீ படி" என்றார். அவ்வளவுதான் என் பதவி உயர்வு.

ஜமீலா மேடம் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் முதலில் தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசிப் பார்ப்பார். பட்டா, பாலியெஸ்டரா என்று பார்ப்பதுபோல. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தாழ்ந்து பேசுவார். அப்போது நாங்கள் குனிந்து கேட்போம், குனிந்ததும் திட்டு விழும்.

அவர் வைத்த முறைகள் இரண்டு. புத்தகத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று.

புத்தகத்தை மனதுக்குள் படிக்கக் கூடாது. கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று, அத்தனை இரைச்சலிலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். போகிறவர்கள் பார்ப்பார்கள். பூக்கடை அண்ணன், "மேல வாடக குடுக்கலியா, இங்க வந்து ஒப்பிக்கிறீங்க?" என்பார். எந்த இடத்தில் குரல் சிக்குகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு நாடா வைக்க வேண்டும். மேடத்தின் குடும்பக் கடையில் மிஞ்சிய சட்டை நாடாக்கள், பச்சை, ஊதா, கருஞ்சிவப்பு. நாடா விழுந்த புத்தகம் தனிப் பெட்டிக்குப் போகும். அதைத் தனியாக வரும் பிள்ளையிடம் கொடுப்பதில்லை. கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், நாடா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அவரிடம் காட்டிக் கொடுக்க வேண்டும்.

படத்துக்கான முறை வேறு. ஒருமுறை நூலகத்தில் தனியாகப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நாம் பார்க்கவே கூடாது. மண்டபத்தில் திரைக்குக் கீழே, ஓரமாக, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் திரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், கூட்டத்தைப் பார்த்து.

"எங்க வாப்பா துணிய விரிச்சிப் போட்டுட்டுத் துணியப் பாக்கவே மாட்டாங்க. வாங்க வந்தவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. துணிதான் அவங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே" என்பார் மேடம்.

அப்படித்தான் என் வேலைநாள் முழுக்க நான் படங்களைக் காதால் கேட்டேன். கண்ணால் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் நெற்றிகளில் விழுந்து ஓடிய வெளிச்சத்தை. காடு வந்தால் நெற்றிகள் பச்சை, தீ வந்தால் சிவப்பு. எந்தப் பிள்ளை வாய் பிளக்கிறது, எது கால்விரலை மடக்குகிறது, எந்த இடத்தில் எந்தக் கை அம்மாவின் மடியைத் தேடுகிறது என்று பார்த்தபடி இருப்பேன். என் கையில் ஒரு சிறு டார்ச். ஒருமுறை மின்னினால் ஒலியைக் குறை. இருமுறை மின்னினால் படத்தை நிறுத்து. மேடம் பின்வரிசைக்கும் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். ஸ்டூலில் இருப்பவள் எழக் கூடாது. எழுந்தால் அவள் நிழல் படத்தில் விழும். "புள்ளைங்க பயந்தா கதையப் பாத்துப் பயப்படட்டும், நம்மளப் பாத்து இல்ல." எல்லோரும் போன பிறகு, நாற்காலி மடக்கும் சத்தத்துக்கு நடுவில் ஒரே கேள்விதான் கேட்பார்: "முகம் எப்படி?"

படம் எப்படி என்று அவர் கேட்டதே இல்லை.

இனி கோமதியைப் பற்றி. அவள் பெயரையும் மகள் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் கீழே வேன் நின்றிருந்தது. சீருடையோடு ஒரு பெண் வந்தாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கூட ஏழு வயது மகள் யாழினி. மகள் வேனுக்குள் ஏறியதும் அம்மா என்னை வேனின் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"அக்கா, அப்பா இல்லாத புக்கு இருக்கா?"

"அப்பா இறந்துபோன கதையாம்மா?"

"ஐயோ, இல்லக்கா! அப்பாவே வராத கத. செத்தும் வரக் கூடாது, உயிரோடயும் வரக் கூடாது."

அவள் கணவன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவன். நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். அப்போது பள்ளி விடுமுறை, பிள்ளை ஈப்போவில் பெரியம்மா வீட்டில். அடக்கம் முடிந்துதான் கூட்டிவந்தார்கள். அதற்குள் ஒரு கதையும் தயாராகியிருந்தது. அப்பா சரவாக்கில் வேலைக்குப் போயிருக்கிறார், காட்டுக்குள்ளே, போனுக்கு லைன் கிடைக்காது. யாராவது பிள்ளை காதில் போட்டுவிடுவார்கள் என்று ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வீட்டையே மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

"எப்பச் சொல்லப் போற?"

"தீபாவளி போகட்டும்கா."

தீபாவளி போனது. பள்ளி திறக்கட்டும் என்றாள். பள்ளி திறந்தது. "அவளுக்கு முன்பல்லு ஆடுதுக்கா. அது விழட்டும், பாவம்" என்றாள். பல்லும் விழுந்தது.

எனக்கு இது பிடிக்கவில்லை. மேடத்திடம் சொன்னேன். "நாமளும் சேந்து அந்தப் புள்ளைய ஏமாத்துற மாதிரி இருக்கு மேடம்."

மேடம் குரலைத் தாழ்த்தினார். நான் குனிந்தேன். "அளவெடுத்துட்டியா மாலா?"

"என்ன அளவு?"

"அந்த வீட்டு அளவு. அந்த அம்மா எவ்வளவு தாங்குவா, அந்தப் புள்ள எவ்வளவு தாங்கும். எடுக்கலல்ல? அதுக்குள்ள கத்திரிக்கோலத் தூக்காத. கேட்ட துணிய எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டேன். அப்பா இல்லாத புத்தகம் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அப்பாக்கள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறார்கள் என்று. கரடிக் கதையில் அப்பாக் கரடி. குருவிக் கதையில் இரை தேடப் போன அப்பாக் குருவி. அம்மாவும் பிள்ளையும் மட்டும் வரும் கதையின் கடைசிப் பக்கத்தில், வாசல் ஓரத்தில் ஒரு ஜோடி ஆண் செருப்பு! ஓவியர் சும்மா வரைந்தது. அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிப் பின்னால் செருகினேன். ஒவ்வொரு நடைக்கும் முந்தின நாள் பக்கம் பக்கமாகத் தடவி, காய்கறிகள் சண்டை போடும் கதை, மழையின் கதை, ஹார்ன் தொலைத்த பேருந்தின் கதை என்று பொறுக்கிக்கொண்டு போவேன்.

யாழினி அத்தனையும் படித்தாள். திருப்பித் தரும்போது ஒரு கேள்வியும் தருவாள்.

"ஆன்ட்டி, இந்தப் பஸ்ஸுக்கு வீட்ல யாரும் இல்லையா?"

"பஸ்ஸுக்கு ஏதுடா வீடு? டிப்போதான்."

"டிப்போல யாரு இருப்பா?"

கோமதி என்னைப் பார்ப்பாள். "மத்த பஸ்ஸெல்லாம் இருக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முதுகு நனைந்துவிடும்.

ஒருநாள் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். "அந்த ரிப்பன் புக்கெல்லாம் யாருக்கு?"

"பெரியவங்களோட சேந்து படிக்கிறவங்களுக்கு."

"நான் எப்பவும் அம்மாவோட சேந்துதான் படிப்பேன்."

"அது பிறகு பாக்கலாம்" என்றாள் கோமதி, எனக்கு முந்திக்கொண்டு.

பெட்டியில் மேலாக இருந்தது ஒரு மெலிந்த படப் புத்தகம். முடிதிருத்தும் அப்பா ஒருவர் நோய்ப்பட்டு இறந்துபோகும் கதை. கட்டில் காலியாக இருக்கும் பக்கத்தில் என் குரல் சிக்கியிருந்தது, அங்கே கருஞ்சிவப்பு நாடா. அந்த நாடாவின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. யாழினி அதையே பார்த்தாள். நான் நுனியை உள்ளே தள்ளினேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

யானைக்குட்டிப் படம் போடுவதாக எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தோம். மண்டபம் நிறைந்துவிட்டது. கோப்பு திறக்கவில்லை. மேடம் மூன்று விதமாகத் திறந்து பார்த்தார். பிள்ளைகள் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள். "யானைக்குப் பசியாறக் குடுத்தீங்களா இல்லியா?" என்று ஓர் அப்பா பின்னாலிருந்து கத்த, மண்டபமே சிரித்தது. மடிக்கணினியில் இருந்த வேறு குடும்பப் படம் மஞ்சள் படகு ஒன்றுதான். ஏழு வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் பரிந்துரைத்தது. மேடம் என்னைப் பார்த்தார். கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தேன். சனிக்கிழமைகளில் கோமதிக்கு ஷிப்டு, அவர்கள் வந்ததே இல்லை. அன்றும் இல்லை. தலையசைத்தேன். படம் மாறியதை மேடம் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னார். விளக்கு அணைந்தது.

மீனவர் ஒருவரும் அவர் மகளும் பழைய படகுக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கிறார்கள். நெற்றிகள் எல்லாம் மஞ்சள். மகள் அப்பாவின் மூக்கில் வண்ணத்தைத் தேய்க்கிறாள், பிள்ளைகள் கெக்கலிக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பக்கக் கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்து அணைந்தது. இருட்டில் இரண்டு உருவங்கள் குனிந்தபடி வந்தன. இரண்டாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தன, எனக்கு நேர் எதிரில். திரை மறுபடி மஞ்சளானபோது முகங்கள் தெரிந்தன.

கோமதி சீருடையிலேயே வந்திருந்தாள். யாழினியின் கையில் பாதி தின்ற கறிபாப், எண்ணெயில் பொரித்த பலகாரம்.

எனக்கு அந்தப் படத்தின் வரிசை தெரியும். வண்ணம், கடல், புயல், கரையில் காத்திருக்கும் மகள். பிறகு வேறொரு படகு அந்த மஞ்சள் படகைக் கயிறு கட்டி இழுத்துவரும். அதில் யாரும் இருக்க மாட்டார்கள். படத்தில் எவரும் இறப்பதைக் காட்ட மாட்டார்கள், யாரும் அழக்கூட மாட்டார்கள். வெறும் படகு. அது போதும், மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.

டார்ச்சை இருமுறை அடித்தேன். என் வேலைக்காலத்தில் முதன்முறையாக.

படம் நிற்கவில்லை. மேடத்தின் முகம் மடிக்கணினி வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. என்னைத்தான் பார்க்கிறார். டார்ச்சின் ஒளியை இரண்டாம் வரிசைப் பக்கம் தரையில் விட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். புரிந்துகொண்டார், அது தெரிந்தது. ஆனாலும் படம் ஓடியது. ஒலி மட்டும் குறைந்தது.

மறுபடியும் இருமுறை அடித்தேன். அவர் கையைத் தூக்கி உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். பொறு.

எதற்குப் பொறுக்க வேண்டும்? என் முதுகுக்குப் பின்னால் காற்று எழும்பிவிட்டது. நெற்றிகள் கறுத்தன. ஒலி குறைந்ததால் பிள்ளைகள் இன்னும் முன்னால் சாய்ந்தார்கள். எழுந்து போய் அந்த இருவரையும் வெளியே கூட்டிப்போகலாம். எழுந்தால் என் நிழல் புயல் நடுவே விழும், மண்டபமே திரும்பி அவர்களைப் பார்க்கும். டார்ச்சின் பித்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே வழுக்கியது. கோமதியின் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு புரிய ஆரம்பித்தது. கைப்பையைத் தோளில் மாட்டினாள். பாதி எழுந்தாள். யாழினி அம்மாவின் சீருடை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பார்வை திரையிலேயே இருந்தது.

காற்று ஓய்ந்தது. எனக்குப் பின்னால் அலைச் சத்தம் மட்டும். மண்டபத்தில் ஒரு கைக்குழந்தை தும்மியது. இழுத்துவரும் படகின் மோட்டார் தூரத்தில் கேட்டது, நெருங்கியது. முன்வரிசை நெற்றிகளில் மெல்ல மெல்ல மஞ்சள் ஏறியது.

இந்த மாதிரி இடங்களில் அம்மாக்களின் கைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எந்தப் படமானாலும் அவை எழும். மண்டபம் முழுக்கப் பறவைகள் கிளம்புவதுபோல எழுந்து பிள்ளைகளின் கண்களை மூடும். எழுந்தன. கோமதியின் கையும் மடியைவிட்டு எழுந்தது.

அது போய்ச் சேரவில்லை. அதற்குள் கறிபாப் கீழே விழுந்திருந்தது. யாழினியின் சின்ன கை அம்மாவின் கண்களின் மேல் இருந்தது.

அம்மாவின் கண்ணை மூடியபடி அவள் திரையைப் பார்த்தாள். முழுதாக, இமைக்காமல். அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை. தினம் பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு பார்வையைக் கொஞ்சம் இறக்கினாள். அந்த இருட்டில் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். என்னைப் பார்த்தாள். தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள்.

சொல்லாதீங்க.

விளக்கு வந்ததும் கோமதி நேராக என்னிடம் வந்தாள். நான் இன்னும் ஸ்டூலில்தான் இருந்தேன்.

"யான படம்னுதானக்கா மெசேஜ் போட்டீங்க! மெஷின் கெட்டுப்போயி ஷிப்டு விட்டாங்க, சரி, புள்ளைக்கு ஆசையா இருக்குமேன்னு ஓடியாந்தேன். தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"ஃபைல் தொறக்கல கோமதி. நீ வருவேன்னு நெனைக்கல."

"பாவம், ரொம்பப் பயந்துட்டா." சிரித்தாள். "பயத்துல என் கண்ணப் போய் மூடுறா பாருங்க, தன் கண்ணுன்னு நெனச்சி." அந்தச் சிரிப்பு முகத்தில் நிலைக்கவில்லை. யாழினி அவள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி குரலை இறக்கினாள். "நீங்க எதிர்லதான உக்காந்திருந்தீங்க. அவ முகம் எப்படி இருந்துச்சிக்கா?"

பின்னால் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மேடத்தின் கை நின்றது.

எத்தனையோ படங்களுக்குப் பதில் சொன்ன கேள்விதான். வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் அம்மா, கேட்டுவிட்டுக் கேட்டிருக்க வேண்டாமோ என்ற முகத்தோடு. இன்னொரு பக்கம் மகள், விழுந்த பல்லின் ஓட்டையை நாக்கால் தடவியபடி. ஒருத்திக்குப் பதில் சொன்னால் இன்னொருத்தியைக் காட்டிக்கொடுப்பேன். எத்தனை மாதம் இந்தச் சின்ன உடம்பு அப்பா இல்லை என்பதைத் தூக்கிக்கொண்டு, தனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பேருந்தின் டிப்போவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது!

"முகம் இருட்டுல சரியாத் தெரியல கோமதி" என்றேன். "கை தெரிஞ்சிச்சு. நடுங்கவே இல்ல."

கோமதி குனிந்து மகளின் கையை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். விரல்களில் கறிபாப் எண்ணெய். தன் சீருடை நுனியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எண்ண போயிருச்சும்மா" என்றாள் யாழினி. "விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் விடவில்லை. தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. யாழினி இன்னொரு கையால் அம்மாவின் முதுகைத் தட்டினாள், பெரியவர்கள் தட்டுவதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, அந்த ரிப்பன் புக்கு" என்றாள். "பெரியவங்களோட சேந்து படிக்கிறதுதான? அம்மா இருக்காங்கல்ல."

நான் கோமதியைப் பார்த்தேன்.

"குடுங்கக்கா" என்றாள், நிமிராமலே.

வேனுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். நாடா இருக்கும் பக்கத்தை அவளிடம் காட்டினேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். வேனில் மேடமும் நானும் ஓட்டுநரும். மேடம் பக்கம் திரும்பினேன். "ஏன் மேடம் நிறுத்தல? ரெண்டு தடவ அடிச்சேன்."

"நிறுத்தினா என்ன ஆகும்? லைட்டப் போடணும். போட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, யாருக்கு என்னாச்சுன்னு. அத்தன கண்ணும் அந்தப் புள்ள மேல. இருட்டு இருந்துச்சுல்ல மாலா, அது ஒண்ணுதான் அதுக்கு மறைப்பு. அதையும் உருவிட்டா?" என்றார். தன் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "நான் சரியா செஞ்சேனான்னு எனக்கே தெரியல."

மேடம் 'தெரியல' என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். கொஞ்ச தூரம் போனதும் வழக்கம்போலக் கேட்டார்: "முகம் எப்படி?"

"இன்னிக்கு நான் சொல்ல மாட்டேன் மேடம்."

அவர் தலையசைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

அந்தப் புத்தகம் உரிய நாளில் திரும்பி வரவில்லை. வேன் போனபோது கோமதி மட்டும் கீழே வந்தாள். "இன்னும் முடிக்கலக்கா." வாய்விட்டுப் படித்தாலும் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டு எழும் நேரத்தில் முடிந்துபோகும் புத்தகம் அது. நீட்டித்துக் கொடுத்தேன். அடுத்த நடையிலும், "கொஞ்சந்தான் இருக்கு" என்றாள். அவள் கண் வீங்கியிருந்தது, ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசினாள். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் யாழினியே கொண்டுவந்து கொடுத்தாள். புது முன்பல் பாதி முளைத்திருந்தது. "முடிச்சிட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காய்கறிச் சண்டைப் புத்தகம் இருக்கிறதா என்று தேடப் போனாள்.

பெட்டியில் வைக்கும்முன் பார்த்தேன். கருஞ்சிவப்பு நாடா காலிக் கட்டில் பக்கத்தில் இல்லை. இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.

அந்தப் பக்கத்தில் சொற்களே கிடையாது. வெறும் படம். சாப்பாட்டு நேரம். அம்மா பழக்கத்தில் மூன்று தட்டு வைத்திருக்கிறாள். மகள் ஒரு தட்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். அவ்வளவுதான்.

பூக்கடை இரைச்சலில் நின்று நான் வாய்விட்டுப் படித்த புத்தகம். குரல் சிக்கிய இடத்தைக் கண்டுபிடித்து நாடா வைத்தவள் நான். இந்தப் பக்கத்தில் படிக்க எழுத்து இல்லை, அதனால் திருப்பிவிட்டுப் போயிருக்கிறேன். குரல் எப்படிச் சிக்கும்? அவர்கள் இருவரும் இத்தனை நாள் நின்றிருந்தது இங்கேதான்.

மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தத் தாளை விரல்களுக்கு நடுவில் வைத்து வெகுநேரம் உரசிக்கொண்டிருந்தார். நாடாவைப் பழைய இடத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"அங்கயே இருக்கட்டும்" என்றார்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், ஷர்மிளா. படம் ஏழு வயதுக்கு ஆகுமா, ஆகாதா என்று. சனிக்கிழமை கிள்ளான் மண்டபத்தில் அதைப் போடு. மஞ்சள் படகு என்று செய்தியில் சரியாகச் சொல்லிவிடு. நான் உட்கார அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல் இன்னும் இருக்கிறதா என்று பார்.

வரேன்.